“செம சார்!” என்ற பதிலை எப்படிப் படிப்பது? வி.ஆர். கருவியும் மாணவர் மனப்பான்மையும்

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேனில், கண்ணை மூடித் தலையில் மாட்டிப் பார்க்கும் ஐந்து வி.ஆர். (மெய்நிகர் உண்மை) கருவிகள் வந்து இறங்கின. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று, ஆளுக்கு மூன்று நிமிடம் மனித இதயத்துக்குள் போய்வந்தார்கள். வெளியே வந்ததும் கையில் ஒரு படிவம். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். மாலைக்குள் ஏறக்குறைய எல்லாப் படிவங்களிலும் கடைசிக் கட்டத்தில் டிக் விழுந்துவிட்டது. மாணவர்களிடம் அமோக வரவேற்பு என்று குறித்துக்கொண்டு வேன் கிளம்பிவிட்டது.

திங்கட்கிழமை வகுப்பில் கேட்டேன்: “நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புற அறை எது?” யாரும் வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மட்டும், “சார், சிவப்பணு மூஞ்சிக்கு நேரா வந்துச்சு சார்” என்றான். வந்திருக்கும், அவன் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

வளரும் நாடுகளின் மாணவர்கள் வி.ஆரை விரும்புகிறார்கள் என்று அடிக்கடி படிக்கிறோம். விருப்பம் இருப்பதை நானும் பார்த்தேன். ஆனால் ‘விரும்புகிறார்கள்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று நான்கு வேறு சங்கதிகளைத் திணித்துவிடுகிறோம். அவற்றைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், வி.ஆர். எது?

ஸ்மார்ட் போர்டில் ஓடும் முப்பரிமாணப் படம் வி.ஆர். இல்லை. பாடப்புத்தகத்தின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் திறக்கும் காணொளியும் இல்லை. மத்திய அரசின் ‘விர்ச்சுவல் லேப்ஸ்’ பெயரில் விர்ச்சுவல் இருந்தாலும் அது பெரும்பாலும் கணினித் திரையில் செய்யும் பரிசோதனைதான். மெய்நிகர் உண்மை எனப்படும் வி.ஆர். என்றால், கண்ணை முழுவதும் மூடும் கருவி ஒன்றை மாட்டிக்கொண்டு, தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்புவது. இந்தக் கடைசிப் பாதிதான் முக்கியம்.

கோயில் திருவிழாவில் பயாஸ்கோப்புப் பெட்டி பார்த்தவர்களுக்கு முதல் பாதி எளிதில் புரியும். துளையில் கண்ணை வைத்தால் ஊர் மறைந்து பெட்டிக்குள் இருப்பது மட்டும் தெரியும். வி.ஆர். கருவியும் அப்படி ஒரு பெட்டிதான். ஆழம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய, கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரியும். இரண்டு கண்ணும் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்துதான் மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது. சார்லஸ் வீட்ஸ்டோன் 1838இலேயே, கண்ணுக்கு ஒரு படமாக இரண்டு தட்டைப் படங்களைக் காட்டி இந்த ஆழத்தை உண்டாக்கினார். இன்றைய கருவிக்குள் இருப்பதும் அதே உத்தி. திரையில் பக்கத்துக்கு ஒரு படம், முகத்துக்கு அவ்வளவு அருகில் இருப்பது தெளிவாகத் தெரிய முன்னால் இரண்டு வில்லைகள்.

பயாஸ்கோப்பில் இல்லாதது இரண்டாம் பாதி. கருவிக்குள் சுழல்வை உணரும் சிறு உணரி ஒன்று உண்டு. ஜைரோஸ்கோப் என்று பெயர். தலை எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியது என்பதை அது நொடிக்குப் பல முறை சொல்ல, அதற்கேற்பப் படம் மாறுகிறது. தலையில் மாட்டும் திரையை ஐவன் சதர்லாண்ட் 1968இலேயே செய்து காட்டிவிட்டார். அது கனமாக இருந்ததால் கூரையிலிருந்து தாங்கு கம்பி போட வேண்டியிருந்தது. தலையோடு படத்தைத் திருப்பும் வேலையை இப்போது சட்டைப்பைக்குள் இருக்கும் செல்போனே செய்துவிடுகிறது. செய்யாத செல்போனும் உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சிலருக்கு ஏன் தலை சுற்றுகிறது? மினி பஸ்ஸில் புத்தகம் படித்தவர்களுக்குத் தெரியும். உள்காது ‘வண்டி ஆடுகிறது’ என்கிறது, பக்கத்தைப் பார்க்கும் கண் ‘எல்லாம் அசையாமல் இருக்கிறது’ என்கிறது. வி.ஆரில் இது தலைகீழ். கண் பறக்கிறது, உடம்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. தலை திரும்பிய பிறகு படம் சற்றுத் தாமதித்துத் திரும்பினால் நிலைமை இன்னும் மோசம். விலை குறைந்த கருவிகளில் தாமதம் கூடுதல், ஆகவே குமட்டலும் கூடுதல்.

இதுவரை சொன்னதன் சாரம்: கண்ணுக்கு ஒரு படம், தலையோடு திரும்பும் காட்சி. இரண்டும் சரியாக அமைந்தால் ‘அங்கேயே இருக்கிறேன்’ என்ற உணர்வு வரும். அதை இருப்புணர்வு என்போம். சரியாக அமையாவிட்டால் குமட்டல்.

மனப்பான்மை என்பது ஒற்றை நூல் இல்லை

தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. வாங்கிய அன்று எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். ஒருத்தி தினமும் ஓட்டி வருகிறாள். இன்னொருவனுடையது வீட்டு வாசலில் சாய்ந்து கிடக்கிறது. சிரிப்பில் இருவருக்கும் வித்தியாசமே இல்லை. அப்படியானால் வித்தியாசம் எங்கே?

ஒரு பொருளைப் பற்றி நமக்கு இருக்கும் நிலையான சாய்வைத்தான் உளவியலில் மனப்பான்மை என்கிறார்கள். அதில் மூன்று இழைகள் உண்டு. பிடிக்கிறதா என்பது ஒன்று, அதைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பது இன்னொன்று, அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பது மூன்றாவது. சைக்கிள் கொடுத்த அன்று தெரிந்தது முதல் இழை மட்டும். வேனில் வந்த படிவம் அளந்ததும் பெரும்பாலும் அதையேதான்.

மற்ற இரண்டு இழைகளையும் பிடிக்க ஆய்வாளர்கள் அதிகம் நாடுவது ஃபிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், இரண்டே கேள்விதான். இதனால் எனக்குப் பயன் உண்டு என்று நினைக்கிறேனா? இதைக் கையாள்வது எனக்கு எளிது என்று நினைக்கிறேனா? சைக்கிளுக்கு: பள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி, பஸ் சரியாக வராது என்றால் பயன் தெரியும். சீட் உயரம் எட்டவில்லை, ஓட்டத் தெரியாது என்றால் எளிமை இல்லை. இரண்டு கேள்வியிலும் ‘நினைக்கிறேனா’ என்றுதான் இருக்கிறது, கவனியுங்கள். உண்மையில் பயன் இருக்கிறதா என்பது வேறு விசாரணை.

பின்னால் 2003இல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட சிலரும் இதை விரித்தபோது சேர்த்தவற்றில் ஒன்று துணை வசதி. பஞ்சர் ஒட்டும் கடை பக்கத்தில் இருக்கிறதா? நம் ஊர்ப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது பலர் விட்டுவிடுவது இதைத்தான். இருப்பதில் கனமானதும் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஐந்து கட்டமும் மூன்று சாய்வும்

‘முற்றிலும் மறுக்கிறேன்’ முதல் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ வரை ஐந்து கட்டம் போடும் முறையை ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்தார். (நம் கல்லூரிகளில் ‘லைகர்ட்’ என்று சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது.) நல்ல கருவிதான். ஆனால் தராசு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பதிலை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுபவை மூன்று.

கல்யாணப் பந்தியில் பெண்ணின் அப்பா இலைக்கு முன்னால் வந்து நின்று, “சாப்பாடு எப்படி?” என்று கேட்கிறார். சாம்பாரில் உப்பே இல்லை. என்ன சொல்வீர்கள்? “அமர்க்களம்.” கருவியைக் கொண்டுவந்தவரே படிவத்தையும் நீட்டினால் பிள்ளை சொல்வதும் அதுதான். இதை மரியாதைச் சாய்வு என்போம். வேன் ஏறி இவ்வளவு தூரம் வந்தவர்களை நோகடிக்கக் கூடாது என்று நாம்தானே பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தோம்.

இரண்டாவது, தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாத தலையாட்டல் சாய்வு. எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் ‘ஆமாம்’ என்றே போவது. இதைப் பிடிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. படிவத்தின் நடுவே தலைகீழான வாக்கியம் ஒன்றைச் செருகுவார்கள். மூன்றாவது வாக்கியம் ‘வி.ஆரால் பாடம் நன்றாகப் புரிந்தது’, எட்டாவது ‘வி.ஆரால் பாடம் குழம்பியது’. இரண்டுக்கும் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ என்று டிக் விழுந்திருந்தால், எழுதியது மாணவர் இல்லை, தலையாட்டிப் பொம்மை. எங்களுக்கு வந்த படிவத்தில் தலைகீழ் வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

மூன்றாவதுதான் பெரிது: புதுமை விளைவு. முதல்முறை என்பதாலேயே வரும் ஆர்வம். பழகப் பழக அது வடியும். மகாமகத்தன்று கும்பகோணத்தில் நின்று தலைகளை எண்ணி, ‘இந்த ஊரின் மக்கள்தொகை இவ்வளவு’ என்று ஒருவர் எழுதினால் சிரிப்போம் இல்லையா? பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் கூட்டம் அது. வாழ்நாளில் முதன்முதலாகக் கருவி மாட்டிய மூன்று நிமிடத்தை வைத்து ‘மாணவர் மனப்பான்மை’யை எழுதுவதும் அதே கணக்குத்தான்.

ஒரு கருவி எவ்வளவு அரிதோ, புதுமை விளைவும் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். வீட்டில் விளையாட்டுக்கே இந்தக் கருவி வைத்திருக்கும் ஊரில் ஒரு மாணவன் ‘பரவாயில்லை’ என்பதற்கும், வலங்கைமான் பக்கத்துப் பையன் ‘செம’ என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தில் எவ்வளவு கருவியின் தரம், எவ்வளவு அது அரிதாக இருப்பது? ஒருநாள் படிவத்தால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. வளரும் பகுதி மாணவர்களுக்குத் தொழில்நுட்ப ஆர்வம் அதிகம் என்று சட்டென்று முடிவுகட்டுவதில் உள்ள ஓட்டை இதுதான்.

சுருக்கமாக: படிவம் பொய் சொல்லவில்லை. யார் கேட்டார், எப்படிக் கேட்டார், எத்தனையாவது தடவை கேட்டார் என்ற மூன்றையும் சேர்த்தால்தான் அது சொல்வது என்னவென்று தெரியும்.

பிடித்தால் படிப்பு ஏறுமா?

2018இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஜோஸ்லின் பராங், ரிச்சர்ட் மேயர் இருவரும் ஓர் ஒப்பீடு செய்தார்கள். உடலுக்குள்ளும் செல்லுக்குள்ளும் பயணம் போகும் ஒரே பாடம். ஒரு குழுவுக்கு வி.ஆர். கருவி, இன்னொரு குழுவுக்குக் கணினியில் சாதாரண ஸ்லைடுகள். ஆர்வம், ஈடுபாடு எல்லாம் வி.ஆர். குழுவில்தான் அதிகம். பிறகு வைத்த தேர்விலோ ஸ்லைடு பார்த்தவர்கள் முந்திக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு கீடோ மக்ரான்ஸ்கியும் மேயரும் இன்னொருவரும் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் போனது. ஆய்வகப் பாடம் ஒன்றைக் கணினித் திரையில் பார்த்தவர்களைவிடக் கருவி மாட்டிப் பார்த்தவர்களுக்கு இருப்புணர்வு கூடியது, கற்றது குறைந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் 52 பல்கலைக்கழக மாணவர்கள். நம் பத்தாம் வகுப்புக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் ‘பிடித்ததும் கற்றதும் ஒன்றே’ என்ற நம்பிக்கையை ஆட்டிப்பார்க்க இவை போதும்.

ஏன் இப்படி? ஒரே நேரத்தில் மனம் கையாளக்கூடிய தகவல் கொஞ்சம்தான். அதன்மேல் விழும் பாரத்தை அறிதல் சுமை என்கிறார்கள். 1988இல் ஜான் ஸ்வெல்லர் எழுதியதிலிருந்து புழக்கத்துக்கு வந்த கருத்து. நமக்கு இது வாய்க்கால் விஷயம். வயலுக்குப் போகும் வாய்க்காலின் கொள்ளளவு இவ்வளவுதான். ஆற்றில் வெள்ளம் புரண்டு வருகிறது என்பதற்காக வாய்க்கால் அகலமாகிவிடாது. மிஞ்சியதைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுகிறோம், அது கடலுக்குப் போகிறது. கருவிக்குள் முகத்தில் மோதும் சிவப்பணு, சுற்றிலும் துடிக்கும் சுவர், தலைக்குப் பின்னால் என்ன என்ற ஆவல், காதில் வேகமான ஆங்கிலம். வலது வெண்ட்ரிக்கிள் என்ற சொல் இத்தனையோடும் முட்டிக்கொண்டு அந்த வாய்க்காலில் நுழைய வேண்டும். என் கடைசி பெஞ்சுக்காரனுக்கு அது கொள்ளிடத்தில் போய்விட்டது.

இதற்கு மதகு போட வழியுண்டு. பராங்கும் மேயரும் இரண்டாம் சுற்றில் வி.ஆர். பாடத்தைத் துண்டுதுண்டாக நிறுத்தி, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் மாணவர்களே சுருக்கம் எழுதும்படி செய்தார்கள். அப்படிச் செய்தவர்கள், நிறுத்தாமல் பார்த்தவர்களைவிட நன்றாகக் கற்றார்கள், ஆர்வமும் குறையவில்லை. ஒரு நோட்டும் பேனாவும்தான் கூடுதல் செலவு.

எந்தப் பாடத்துக்கு எடுக்கிறோம் என்பதும் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன், நேரில் செய்தால் ஆபத்தானவை, செய்யவே முடியாதவை, கெடுதலில் முடிபவை, மிகுந்த செலவு பிடிப்பவை ஆகியவற்றுக்கே வி.ஆரை வைத்துக்கொள்ளலாம் என்பார். இதயத்துக்குள் போவது முடியாத காரியம், சரி. நாற்று நடுவதைக் கருவியில் காட்டினால்? எங்கள் பள்ளி ஜன்னலைத் திறந்தாலே சம்பா நடவு தெரியும்.

டெல்டாவில் கருவி மாட்டினால்

துணை வசதியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. ஆய்வுக் கட்டுரையில் ஒற்றை வரியாக வரும் அது, பள்ளியில் ஒரு நாள் முழுக்க ஓடும்.

எங்கள் பிள்ளைகள் இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டி வருகிறார்கள். தலையில் எண்ணெய். கருவியின் பட்டை பின்னலில் சிக்குகிறது, அடுத்து மாட்டுபவர் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு மாட்டுகிறார். புழுக்கத்தில் ஐந்தாவது ஆள் மாட்டுவதற்குள் வில்லையில் ஆவி படிகிறது. மெட்ராஸ் ஐ பரவும் பருவமானால் ஒருவர் முகத்தில் இருந்ததை இன்னொருவர் முகத்தில் வைக்கவே பயமாக இருக்கிறது. பையன்களும் பெண்களும் சேர்ந்திருக்கும் அறையில் கண்ணை முழுதாக மூடிக்கொண்டு அண்ணாந்து பார்க்கச் சில பெண்கள் கூசினார்கள். ‘யாரு சிரிக்கிறாங்கன்னு தெரியல மிஸ்’ என்று பக்கத்தில் நின்ற ஆசிரியையிடம் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. இது ‘எளிமை’க் கேள்வியா, ‘பயன்’ கேள்வியா? எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

நேரக் கணக்கு: நாற்பது பிள்ளைகள், ஒரே கருவி, ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் 120 நிமிடம். முக்கால் மணி நேரப் பாடவேளையில் கிட்டத்தட்ட மூன்று போய்விடும். அதில் ஒவ்வொரு பிள்ளையும் 117 நிமிடம் காத்திருக்கிறது.

கருவி வாங்க முடியாவிட்டால் அட்டைப்பெட்டியில் செல்போனைச் செருகிப் பார்க்கலாமே? 2014இல் கூகுள் அப்படி ஒரு அட்டைக் கருவியை வெளியிட்டது. மறு ஆண்டே பள்ளிகளுக்கான எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற வி.ஆர். பயணங்களும் வந்தன. மலிவு, நல்ல யோசனை. ஆனால் விலை குறைந்த செல்போன்கள் பலவற்றில் அந்த ஜைரோஸ்கோப் உணரி கிடையாது. அப்பாவின் செல்போனைக் கேட்டு வாங்கி வந்த பிள்ளை தலையைத் திருப்புகிறது, காட்சி அசையவே இல்லை. ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று அது எழுதினால், அது வி.ஆரைப் பற்றிய மனப்பான்மையா, உணரி இல்லாத செல்போனைப் பற்றியதா? 2021இல் கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலியை மூடிவிட்டது. அதை நம்பிப் பாடம் வகுத்துவைத்த ஆசிரியர்களுக்குப் பஞ்சர் கடையே இல்லாமல் போயிற்று.

கருவி செய்யும் நிறுவனங்கள் வயது வரம்பும் வைத்திருக்கின்றன. மெட்டா 13 என்று வைத்திருந்ததை 2023இல், பெற்றோர் கட்டுப்பாட்டில் உள்ள கணக்குக்கு 10 ஆக்கியது. தொடக்கப்பள்ளிக்குக் கொண்டுபோகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் கரண்ட். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப்போட்ட கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அது ஓர் எல்லை. சாதாரண நாளின் மின்வெட்டே ஒரு பாடவேளையைத் தின்ன போதும்.

வேறு கேள்விகள்

போன வருடம் இன்னொரு குழு இரண்டு கருவிகளை ஒரு மாதம் எங்களிடம் விட்டுவைத்தது. இந்தத் தடவை படிவத்தை நானே எழுதினேன். முதல் வாரம் எதுவும் கேட்கவில்லை. திருவிழாக் கூட்டம் கலையட்டும் என்று விட்டுவிட்டேன். நான்காம் வாரம் பெயர் எழுதாமல் பெட்டியில் போடச் சொன்னேன். ‘பிடித்ததா’ என்ற கேள்வியே இல்லை. “கருவியும் விளக்கப்படமும் மேசையில் இருந்தால் நாளைய தேர்வுக்கு எதை எடுப்பாய்?” என்று ஒன்று. “எந்தப் பாடத்துக்கு இது வேண்டாம்?” என்று ஒன்று. “போட்டிருந்தபோது எது தொந்தரவாக இருந்தது?” என்று ஒன்று. பின்பக்கத்தில் இதயத்தை நினைவிலிருந்து வரைந்து, ரத்தம் போகும் வழிக்கு அம்புக்குறி போடச் சொன்னேன்.

நிறையப் பேர் தேர்வுக்கு விளக்கப்படத்தைத்தான் எடுப்போம் என்றார்கள். அவர்களில் பலர் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றும் கேட்டார்கள். இந்த இரண்டையும் முரண்பாடு என்று நினைத்திருந்தால் நான் பழைய படிவத்துக்கே திரும்பியிருப்பேன்.

கடைசிக் கேள்வி, “அடுத்த தடவை இதில் எதைப் பார்க்க வேண்டும்?” நிலா, டைனோசர், கடலடி எல்லாம் வந்தன. கடைமடைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பிள்ளை, கையெழுத்தைப் பார்த்தால் யாரென்று தெரிந்துவிட்டது, இப்படி எழுதியிருந்தாள்: “ஜூன் 12 மேட்டூர்ல ஷட்டர் தூக்கும்போது பக்கத்துல நிக்கணும். தண்ணி எங்க வீட்டு வாய்க்கால் வரைக்கும் வர்றத கூடவே வந்து பாக்கணும். தமிழ்ல சொல்லணும். மூணு நிமிஷம் பத்தாது.”